மான் வேட்டையிலிருந்து போர்முனைக்கு

போர்க்கருவிகள் பிற்பாடு பொதுமக்கள் கைக்கு வருவதே வழக்கம். தொலைவில் உள்ளதைக் கூர்ந்து கவனிக்க உதவும் சிறு தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் நடந்தது தலைகீழ். ஸ்காட்லாந்து மலைச்சரிவுகளில் மான் வேட்டைக்கு வழிகாட்டியவர்கள் மல்லாந்து படுத்து, மடக்கிய முழங்காலில் நீள்குழல் தொலைநோக்கியைச் சாய்த்து, மானின் கொம்பைக் கணிப்பார்கள். 1900-இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்காக லோவட் பிரபு இவர்களைத் திரட்டி ‘லோவட் ஸ்கவுட்ஸ்’ படையை அமைத்தார். தொலைநோக்கியும் கூடவே போனது. இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் ‘ஸ்கவுட் ரெஜிமென்ட்’ தொலைநோக்கி அதன் வாரிசு: ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பித்தளைக் குழல்கள், பிடிக்கத் தோலுறை, வெயில் பட்டு வில்லை மின்னாதபடி முன்னால் இழுத்துவிடும் மறைப்பு. அமெரிக்க ராணுவத்தின் எம்49 ஸ்கோப் நீள்குழலை விட்டுப் பட்டகத்துக்கு மாறியது. 20 மடங்கு பெரிதாக்கும், சிறு முக்காலியில் நிற்கும். போருக்குப் பின் உபரித் தொலைநோக்கிகள் பறவை ஆர்வலர்களிடம் சேர்ந்தன. இன்றைய உயர்ரக ஸ்கோப்புகள் பலவற்றில் ஃப்ளோரைட் வில்லை நிறக்கசிவைக் குறைப்பதால், இறகின் விளிம்பில் ஊதா அவ்வளவாகப் படிவதில்லை.