கணவாய் யார் கண்ணுக்கு மறைகிறது?

பாறையும் பாசியும் மணலும் உள்ள கரைக்கடலில் ஒரு பிராணி ஒளிந்துகொள்வது புரிகிற காரியம்தான். பின்னால் என்ன நிறம் இருக்கிறதோ அந்த நிறத்துக்கு மாறிவிட்டால் போதும். நடுக்கடலில் பின்னால் எதுவுமே இல்லை. மேலே வெயில், கீழே இருட்டு, சுற்றிலும் நீலம். அங்கே வாழும் கணவாய் எதைப் பார்த்து எதைப்போல மாறும்? இந்தக் கேள்வியோடு அரை நூற்றாண்டாகக் கடலுக்குப் போய்வருகிறவர்களின் ஆய்வுகளைப் படிக்கப் படிக்க எனக்கு மதிப்பு கூடுகிறது. கூடவே ஒரு குறையும் உறுத்துகிறது. கணவாய் என்ன செய்கிறது என்பதை இவர்கள் அருமையாகக் காட்டிவிட்டார்கள். அப்படிச் செய்வதால் அது மறைகிறதா, மறைந்தால் யார் கண்ணுக்கு என்று கேட்டவர்கள் குறைவு.

கடலுக்கு வெகுதூரத்தில் இருக்கும் சேலத்திலும் நிறம் மாறும் அந்தத் தோலைப் பார்க்க வழியுண்டு. சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் ஐஸில் கிடக்கும் கணவாய் ஒன்றை எடுத்துக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். வெளுத்த தோலில் செம்பழுப்புப் புள்ளிகள் இறைந்து கிடக்கும். சில கடுகளவு, சில ஊசிமுனை அளவு. ஒவ்வொரு புள்ளியும் ஒரு நிறமிப் பை. அதைச் சுற்றி நாலாபக்கமும் நுண்தசைகள் பிடித்திருக்கின்றன. அவற்றுக்கு ஆணை மூளையிலிருந்து நரம்பு வழியே நேராக வருகிறது. தசை இழுத்தால் பை விரியும், விட்டால் சுருங்கிவிடும். எல்லாம் ஒரு நொடிக்குள். புள்ளிகளுக்கு அடியில் ரிஃப்ளெக்டின் என்ற புரதத்தால் ஆன தகடுகள் இருக்கின்றன. தோல் பச்சையும் பொன்னுமாக மினுங்குவது அவற்றால்தான். ஆழத்தில் வாழும் பல இனங்களுக்கு இவற்றோடு உடலிலேயே விளக்குகளும் உண்டு. இத்தனையும் வைத்திருக்கும் கணவாய்களில் பெரும்பாலானவற்றின் கண்ணில் ஒரே ஒரு வகை ஒளிநிறமிதான் இருக்கிறது. நிறம் பிரித்தறியாத கண் அது. கடைக்காரர் கணவாயைச் சுத்தம் செய்யும்போது முதலில் உரித்துப் போடுவது இந்தத் தோலைத்தான்.

ஆய்வுகளில் அதிகம் நடப்பவை தொட்டி ஆய்வுகள். ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தினர் 2022-இல் வெளியிட்டது அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. தொட்டியில் படிந்த பாசியைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, பாசி இருந்த பக்கம் போன கணவாய் கறுத்தும் சுத்தமான பக்கம் வந்தது வெளுத்தும் தெரிந்திருக்கிறது. பிறகு பாதித் தொட்டியைப் பாசியோடு விட்டு, படமெடுத்து, முறையாக உறுதி செய்தார்கள். நம் மன்னார் வளைகுடாவில் பிடிபடும் அகன்ற துடுப்புக் கணவாயும் அதே வகையறா. தற்செயலாகக் கண்ணில் பட்டதை விடாமல் பிடித்துக்கொண்டு சோதித்த அந்தக் கவனத்தைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் தொட்டி என்றால் தரை உண்டு, சுவர் உண்டு. தரையே அறியாத நடுக்கடல் இனங்கள் சுவரில் மோதி அடிபட்டுச் சீக்கிரம் செத்துப்போகின்றன. ஆகவே தொட்டியில் நன்றாக வாழும் கரைக்கடல் இனங்களைப் பற்றியே நமக்கு நிறையத் தெரிந்திருக்கிறது. அந்த அறிவை அப்படியே நடுக்கடலுக்கு நீட்டுவது சரியில்லை.

கணக்கெடுக்கும் விதத்திலும் சிக்கல் இருந்தது. கணவாய்க்கு உறவான ஓட்டுக்கணவாயின் வேடங்களைச் சீர்நிறம், திட்டுநிறம், உருவம் கலைக்கும் நிறம் என்று மூன்றாகப் பகுத்தவர் அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் ஹன்லன். தொடக்கநிலைக்கு அது பெரிய உதவி. ஆனால் பகுத்தது மனிதக் கண். 2023-இல் ஜெர்மனியின் ஜில் லோரான் குழு, ஓட்டுக்கணவாயின் தோற்றங்களைப் பெருந்திரளாகப் படமெடுத்துக் கணினியால் அலசியபோது, மூன்று பெட்டிக்குள் அடங்காத எண்ணற்ற தோற்றங்கள் தெரிந்தன. பிராணி பொருத்தமான நிறத்துக்கு ஒரே தாவலில் போய்ச் சேரவில்லை; மாறி, சற்று நின்று, திருத்தி, மறுபடி மாறிக்கொண்டே போனது.

நடுக்கடல் இனங்களை உயிரோடு ஆராய்ந்தவர்களில் ரிச்சர்ட் யங்கும் கிளைட் ரோப்பரும் முன்னோடிகள். ஆழத்தில் நீந்தும் உயிரியைக் கீழிருந்து பார்த்தால் மேல்வெளிச்சத்துக்கு எதிரே நிழலாகத் தெரியும். வயிற்றுப்பக்க விளக்கால் அந்த நிழலை அழிக்கிறது கணவாய் என்பது அதுவரை ஊகமாகத்தான் இருந்தது. இவர்கள் உயிருள்ள கணவாயின் மேல் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தார்கள். அதன் விளக்கும் கூடிக் குறைந்தது. 1976-இல் வெளியான அந்தச் சோதனை இன்றும் அசையாமல் நிற்கிறது.

என் பார்வையில் இந்தத் துறையின் மிகச் சிறந்த சோதனை 2011-இல் சாரா ஜிலின்ஸ்கியும் சோன்கே ஜான்சனும் செய்தது. அவர்கள் எடுத்துக்கொண்டவை ஒரு கணவாயும், ஆழ்கடலில் மிதந்து வாழும் ஒரு சிறு பேய்க்கணவாயும். ஆழ்கடலில் எதிரி இரண்டு விதமாகத் தேடுவான். மேலிருந்து கசியும் வெளிச்சத்தில் நிழல் தேடுகிறவனிடமிருந்து தப்ப, ஒளி ஊடுருவும் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். சில மீன்கள் தாங்களே நீல விளக்கடித்துத் தேடும்; அந்த ஒளியில் கண்ணாடி உடம்பு பளிச்சிடும், அப்போது கறுத்த உடம்பே காப்பு. கப்பலில் வைத்து நீல ஒளியைப் பாய்ச்சியதும் இரண்டும் கண்ணாடி நிலையை விட்டு நொடியில் நிறமேறின. சிவப்பு ஒளிக்கு அசையவில்லை. நீல ஒளியில் கண்ணாடி உடம்பு, நிறமேறிய உடம்பைப்போல இரண்டு மடங்கு ஒளியைத் திருப்பி அனுப்பியது என்றும் அளந்தார்கள். தேடுகிறவன் யார், அவன் கையில் என்ன வெளிச்சம் என்பதிலிருந்து சோதனையைத் தொடங்கியதுதான் இதன் பலம். வலையில் அடிபட்டு மேலே வந்த சில உயிர்களை வைத்தே பார்க்க முடிந்தது என்பது இதன் பலவீனம்.

பிராணியின் கண் வேறு, நம் கண் வேறு என்பதை நாமக்கல் பக்கத்துப் பண்ணைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முட்டைக்கோழிக்கு நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம் என்று கணக்குப் பார்த்து விளக்குப் போடுகிறவர்கள் அவர்கள். நாம் பார்க்காத புற ஊதா ஒளியும் கோழிக்குத் தெரியும். தீவன மூட்டைக்கும் பல்புக்கும் காட்டும் இந்தக் கவனத்தைக் கடல் ஆய்வும் கணவாயைத் தின்னும் சூரை மீனின் கண்ணுக்குக் காட்ட வேண்டும் என்பதே என் வாதம்.

வலையும் தொட்டியும் இல்லாமல் கடலிலேயே பார்ப்பது அடுத்த வழி. கலிபோர்னியா வளைகுடாவில் ஹன்னா ரோசனும் வில்லியம் கில்லியும் மூன்று ஹம்போல்ட் கணவாய்களின் உடலில் கேமராவை மாட்டிவிட்டு எடுத்த படங்கள் 2015-இல் வெளிவந்தன. மற்ற கணவாய்கள் எதிர்ப்பட்டபோது உடல் முழுவதும் சிவப்பும் வெள்ளையுமாக மின்னியது. மற்ற நேரத்தில் தோலில் அலையலையாக ஒரு நடுக்கம் ஓடியது. அலைகளின் ஊடே வெயில் விழுந்து நீருக்குள் ஆடுமே, அந்த ஆட்டத்தைத் தோலில் போடுகிறது என்று அவர்கள் கருதினார்கள். தரையில்லாத இடத்தில் வெளிச்சத்தின் அசைவையே பின்புலமாக எடுத்துக்கொள்வது என்ற இந்த எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அது இன்னும் எண்ணம்தான். அந்த நடுக்கம் சூரையையோ மயில்மீனையோ ஏமாற்றுகிறதா என்று படம் சொல்லாது.

ஆழ்கடல் ஊர்திகளின் கேமராக்கள் இன்னும் நிறையக் காட்டுகின்றன. ஆனால் அவை போடும் வெள்ளை வெளிச்சத்தில் ஒளிந்துகொள்ளும் நடத்தையே குலைந்துபோகும். ஆய்வாளர் எடித் விடர் இதை உணர்ந்து, ஓசையில்லாத கேமராவில் அடர்சிவப்பு விளக்கு பொருத்தி இறக்கினார். ராட்சதக் கணவாய் 2012-இல் ஜப்பானை ஒட்டிய பசிபிக் கடலில் அதன் முன்னால் வந்தது. வேறொரு விஷயமும் இருக்கிறது. கணவாயைப் பெருமளவில் தின்னும் எண்ணெய்த் திமிங்கிலம் ஒலியால் தேடுகிறது. அதன் முன்னால் எந்த நிறமும் செல்லாது. கண்ணை மட்டும் வைத்து மறைவை மதிப்பிடும் கட்டுரைகள் இதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் நாட்டில் கணவாய் முதன்மையாக மீன்வளமாகவே ஆராயப்பட்டிருக்கிறது. 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்திலும் பிறகு கொச்சியிலும் இருந்துகொண்டு நீளம், எடை, முட்டைப் பருவம், பிடிப்பளவு என்று தலைமுறைகளாகச் சேர்த்திருக்கும் பதிவுகள் பெரும் செல்வம். அரபிக்கடலின் பறக்கும் கணவாயையும் அந்த நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. அதை இரவில் கப்பல் விளக்கைக் காட்டித்தான் தூண்டிலுக்கு இழுக்கிறார்கள். வெளிச்சத்துக்கு அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் கவனிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

அந்தக் கணவாயின் முதுகில் பெரிய ஒளித்திட்டு ஒன்று இருக்கிறது. நிழலை அழிக்கும் விளக்கு வயிற்றில் இருக்க வேண்டும். மேலிருந்து வருகிறவனுக்குத் தெரியும்படி முதுகில் எதற்கு? இதே இனத்தில், நிலநடுக்கோட்டை ஒட்டிய கடலில், அந்த முதுகு விளக்கு இல்லாத குட்டை வடிவமும் வாழ்கிறது. இரண்டும் கலந்து வாழும் பரப்பில் சூரைகளின் வயிற்றைத் திறந்து, உள்ளே கிடக்கும் சதைத் துணுக்கின் மரபணுவால் எது எந்த வடிவம் என்று பிரித்து, அதே இரவில் அதே நீரில் தூண்டிலில் வந்த விகிதத்தோடு ஒப்பிட வேண்டும். குட்டை வடிவம் உருவில் சிறியது. ஆகவே ஒத்த அளவுள்ளவற்றை மட்டுமே ஒப்பிட வேண்டும். விளக்கு உள்ளது அதிகம் தின்னப்படுகிறதா, இல்லாததா என்று அதில் தெரியும். சூரையின் இரையை ஆராய நம் ஆய்வாளர்கள் வயிறு திறப்பது புதிதல்ல. இந்த ஒரு கேள்வியை அந்த வேலையோடு சேர்த்துக்கொண்டால் போதும்.