எழுதப்படாத சொல்

இப்பகுதியில் கவிதையையும் நாடகத்தையும் எடைபோடக் காண்பதே வாசகர்களுக்கு வழக்கம். இன்று நான் ஒரே ஒரு சொல்லை எடைபோடப் புகுகின்றேன். அச்சொல் 'பஞ்சம்'. 1943-ஆம் ஆண்டில் வங்காளத்தை ஆண்டவர்கள் அதை எழுத மறுத்தார்கள். ஏன் மறுத்தார்கள் என்பதே என் கேள்வி.

பட்டினி கிடப்பவனுக்கு அதன் பெயர் எதுவானால் என்ன என்று கேட்பீர்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாது வருஷப் பஞ்சம் நம் குடும்பங்களில் பாட்டிக்குப் பாட்டி சொல்லிவந்த கதை. அதன் நடுவே, 1877 ஜனவரி முதல் நாளில், வைசிராய் லிட்டன் டில்லியில் தர்பார் நடத்தினார். பிணங்கள் குவிந்த பின்னரே சர்க்காருக்குப் புத்தி வந்தது. 1880-ல் கமிஷன் அறிக்கை கொடுத்தது. அதையொட்டி மாகாணந்தோறும் பஞ்ச நிவாரண விதிகள் எழுந்தன. பஞ்சம் என்று அறிவித்துவிட்டால், உழைக்கக் கூடியவனுக்கு வேலையும் கூலியும் தரவேண்டும். உழைக்க இயலாதவனுக்குச் சோறு போடவேண்டும். ஆகவே அது வெறும் சொல்லன்று. கடன் பத்திரத்தில் இடும் கையொப்பம். அந்த விதிகளுக்கு விலையாக உயிர் கொடுத்தவர்களுள் நம்மவர் பலர்.

இனி வங்காளத்துக்கு வருவோம். 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமாயிற்று; பர்மா அரிசி நின்றது. (அதே அரிசி நின்றதால்தான் மலாயாத் தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று.) பகைவன் கைக்குப் போகலாகாதென்று, கடலோர மாவட்டங்களில் ஏழைகளின் படகையும் நெல்லையும் சர்க்காரே அகற்றிற்று. அக்டோபரில் மிட்னாபூரைப் புயல் அழித்தது. அவ்வாண்டு டிசம்பரில் கல்கத்தாவில் மணங்கு 14 ரூபாய்க்குள் விற்ற அரிசி, 1943 மே மாதத்தில் 30 ரூபாயைத் தாண்டிற்று. நிலமற்ற கூலிக்காரனின் கூலி அவ்வாறு தாண்டவில்லை. பஞ்சமில்லாத 1941-ல் இருந்ததைவிட 1943-ல் தானியம் குறைவன்று, ஏழையின் வாங்கும் சக்தியே மாய்ந்தது என்று அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட நூலில் கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கை மறுப்பவரும் உண்டு. கூலிக்காரன் வெறுங்கையோடு நின்றான் என்பதை மறுப்பவர் இல்லை.

தலைவர்கள் என்ன செய்தார்கள்? காங்கிரஸ் தலைவர்கள் 1942 ஆகஸ்டு முதல் சிறையிலிருந்தனர். அவர்களை இக்குற்றத்தில் சேர்ப்பது நியாயமன்று. வெளியிலிருந்தவர்கள் நாற்காலி மாறிக்கொண்டிருந்தனர். 1943 மார்ச்சில் பஸ்லுல் ஹக் இறங்கினார்; ஏப்ரலில் நாஜிமுத்தீன் ஏறினார்; உணவுப் பொறுப்பு சுஹ்ரவர்தியிடம் வந்தது. அரிசிக்குக் குறைவே இல்லை என்று பிரசாரம் செய்தார்கள். ஜூன் மாதம் பதுக்கலைத் தேடிக் கிராமங்களைச் சோதித்தபோது, கல்கத்தாவையும் ஹௌராவையும் விலக்கிவிட்டார்கள்! வைசிராய் லின்லித்கோ பஞ்சப் பிரதேசத்தை எட்டியும் பாராமல் பதவி முடித்து ஊர் போய்ச் சேர்ந்தார்.

பஞ்சம் என்னாமல் வேறென்ன என்றார்கள்? கல்கத்தா வீதியில் விழுந்து கிடந்தவர்களை 'நோயுற்ற நாதியற்றோர்' என்றார்கள். நாதியற்றோரை நகரிலிருந்து அகற்ற அவ்வாண்டிலேயே ஓர் அவசரச் சட்டமும் பிறந்தது. நாதியற்றவன் என்றால் குறை அவனுடையது. பஞ்சத்தில் அடிபட்டவன் என்றால் கடன் ஆள்வோருடையது. இத்துணை நுட்பமான சொற்றேர்ச்சியைப் புலவர்களிடம்கூடக் காண்பது அரிது! தற்காலிகக் கவர்னர் ரதர்போர்டு மட்டும் உண்மையை வைசிராய்க்கு எழுதினார்: விதிப்படி கொடுக்கவேண்டிய உணவு கையில் இல்லாததால் விதிகளை அமலாக்கவில்லை என்று.

நான் தோட்டத்துக் கிராணி, செக்ரோல் எழுதுகிறவன். ஒருமுறை பால்மரம் வெட்டப் போன ஒரு பெண் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டாள். 'வேலையில் காயம்' என்று எழுதினேன். எனக்கு மேலிருந்தவர் அதை அடித்துவிட்டுச் 'சுகவீனம்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். காயத்துக்கு நஷ்டஈடு உண்டு, சுகவீனத்துக்கு இல்லை. மந்திரிகளைக் குறைகூற உனக்கென்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். தகுதி இல்லை. ஆனால் அந்த வித்தை எப்படிச் செய்யப்படுகிறதென்று எனக்குத் தெரியும்.

படத்தில் அந்த வித்தை பலிக்கவில்லை. 1943 ஆகஸ்டு 22-ல் ஸ்டேட்ஸ்மன் ஆசிரியர் இயன் ஸ்டீபன்ஸ், கல்கத்தா வீதிகளில் பட்டினியால் சாய்ந்தவர்களின் படங்களை அச்சிட்டார்; மறைத்தது வெளிப்பட்டது. ஓவியர் சித்தபிரசாத் மிட்னாபூரில் சுற்றி வரைந்தவை 'பசித்த வங்காளம்' என்னும் சிறுநூலாயின. சர்க்கார் அதைக் கைப்பற்றி அழித்தது. அந்த ஓவியங்களில் அலங்காரம் இல்லை. எலும்பும் கண்ணுமாய் இருப்பவர்களுக்கு அவர் ஊரும் பெயரும் எழுதிவைத்தார். நாதியற்றோர் என்ற ஒரே சொல்லில் அடக்கப்பட்டவர்கள் அங்கே ஆள் ஆளாய் நிற்கிறார்கள். சர்க்கார் அஞ்சியதும் இதற்கே என்பேன்.

1945-ல் உட்ஹெட் தலைமையில் அமைந்த கமிஷன் அறிக்கை வெளியாயிற்று. அந்தக் கமிஷனின் பெயரிலேயே 'பஞ்சம்' என்ற சொல் இடம்பெற்றிருந்தது. உள்ளே, மாண்டவர் சுமார் 15 லட்சம் என்று கணக்கிட்டிருந்தார்கள். பின்வந்த ஆராய்ச்சியாளர் பலர் அதை 20 முதல் 30 லட்சம் வரை உயர்த்தியிருக்கிறார்கள்.