ஆர்மோனியத்தைத் திட்டியவரின் பியானோ கான்செர்ட்டோ

எங்க ஊர் சித்தையன்கோட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் திருவிழா என்றால் விடிய விடிய வள்ளி திருமணம் நடக்கும். வேஷக்காரர்களைவிட எனக்கு ஞாபகம் நிற்பது மேடையோரம் இருந்த ஆர்மோனியக்காரர்தான். நடிகர் தடுமாறினால் சுருதியைப் பிடித்துக் கொடுப்பார், பின்பாட்டும் அவரே.

அந்தப் பெட்டிக்கு ஆல் இந்தியா ரேடியோ 1940 மார்ச்சில் தடை போட்டது. 1971-ல்தான் தளர்த்தினார்கள். தடைக்கு முன்னால், 1938-ல், ஆர்மோனியத்தைக் கிண்டலடித்துக் கட்டுரை எழுதியவர் ஜான் ஃபோல்ட்ஸ். மான்செஸ்டர்க்காரர், டெல்லி ரேடியோவில் ஐரோப்பிய இசைக்குப் பொறுப்பாளர். தடைக்கு அவர் மட்டும் காரணமில்லை, தாகூருக்கும் இந்தப் பெட்டி ஆகாது. ஃபோல்ட்ஸின் வாதம் எளிமையானது: பன்னிரண்டு சுரங்களை நிலையாக வைத்துவிட்ட கருவியில் கமகம் வராது, இந்திய இசையை அது கெடுக்கும்.

சரி, அவர் என்ன செய்தார்? அதே பன்னிரண்டு சுரப் பியானோவுக்கு ஒரு கான்செர்ட்டோ எழுதினார்! 'டைனமிக் ட்ரிப்டிக்', 1929-ல் முடித்தது. பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் மோதிக்கொள்ளும் அரை மணி நேரம். அவர் மனைவி மாட் மெக்கார்த்தி வயலின் கலைஞர், தென்னிந்தியா வந்து நம் இசையைப் படித்தவர். அந்த வழியாக 72 மேளகர்த்தா அட்டவணை ஃபோல்ட்ஸுக்குத் தெரியும்.

கான்செர்ட்டோவின் முதல் பகுதி முழுக்க ஒரே ஏழு சுர அமைப்பு. வெளிச்சுரம் ஒன்றுகூட உள்ளே வராது. நம்ம காதுக்கு இது ராகமா? இல்லவே இல்லை. கமகம் இல்லை, பிடிகள் இல்லை, நிற்க வேண்டிய சுரத்தில் நிற்பதில்லை. எங்க தொழில் பாஷையில் சொன்னால், ஸ்கீமாவை எடுத்துக்கிட்டு டேட்டாவை விட்டுட்டார். ஆனா ராகத்தைத் தேடாமல் கேட்டால் அசத்தல். எஞ்சின் ஓடுகிற மாதிரி ஒரு விசை.

இரண்டாம் பகுதிதான் என்னை யோசிக்க வைத்தது. இங்கே அரைச் சுரத்திலும் பாதியான நுண்சுரங்கள் வருகின்றன, அவற்றை வாசிப்பது வயலின் குடும்பம். வில் வாத்தியங்கள் வழுக்கிக்கொண்டே இறங்க, பியானோ தன் கட்டைகளுக்கு உட்பட்டதை மட்டும் நிதானமாகச் சொல்கிறது. தன் கருவியால் எது முடியாது என்று தெரிந்து, அதை வேறு ஆளிடம் ஒப்படைத்திருக்கிறார். மேடையில் நடிகரின் தொண்டை வளைய, ஆர்மோனியம் சுருதியைப் பிடித்துத் தாங்கியதும் இதே வேலைப் பங்கீடுதானே? மூன்றாம் பகுதி தாள விளையாட்டு, வேகமாக முடிந்துவிடும்.

நாடகம் தெரியாத ஆளும் இல்லை அவர். 1924-ல் பெர்னார்ட் ஷாவின் 'செயின்ட் ஜோன்' லண்டனில் அரங்கேறியபோது இசை ஃபோல்ட்ஸுடையது. 'சாகுந்தல'த்துக்கும் எழுதினார். மேடைக்காரன் எதை வைத்து, எந்த நெருக்கடியில் பிழைப்பு நடத்துகிறான் என்று தெரிந்தவர், நம்ம ஊர் மேடைப் பெட்டியை மட்டும் ஏன் கச்சேரி அளவுகோலால் அளந்தார்? டெல்லியில் இந்திய வாத்தியக்காரர்களை வைத்து ஆர்கெஸ்ட்ரா அமைத்தவர் என்பதால் அலட்சியம் என்று தள்ளிவிட மனசு வரவில்லை. அக்கறைதான், ஆனா தப்பான இடத்தில் விழுந்த அக்கறை. தடையை அவர் பார்க்கவில்லை. 1939 ஏப்ரலில் கல்கத்தாவில் காலராவில் இறந்துபோனார்.

கேட்க நினைப்பவர்கள் ஹோவர்ட் ஷெல்லி வாசித்து வெர்னான் ஹேண்ட்லி நடத்திய பதிவிலிருந்து தொடங்குங்க. இரண்டாம் பகுதிக்கு ஹெட்போன் அவசியம், போன் ஸ்பீக்கரில் அந்த நுண்சுரங்கள் காணாமப் போயிடும்.