அரிக்கமேட்டுக் குருமட இடிபாடும் ‘ரோமானிய’ வாசிப்பும்: ஒரு மறுநோக்கு

முன்னுரை

திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலை ஆய்வோர் அதனை ஒரே காலத்துக் கட்டடமாகக் கொள்வதில்லை. பல்லவர், இராட்டிரகூடர், சோழர் காலக் கல்வெட்டுகள் ஒரே வளாகத்தில் அமைந்திருப்பதால் அடுக்கு அடுக்காகவே அதனை வாசிக்கின்றனர். இதே கடற்கரையில் தெற்கே அமைந்த அரிக்கமேட்டுக்கு இவ்வணுகுமுறை முழுமையாக வாய்க்கவில்லை. புதுச்சேரிக்கு அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அவ்விடம் ரோமானிய வணிகத் தளம் என்றே பரவலாக அறியப்படுகிறது. ஆயின், அங்கு இன்று நிலத்துக்குமேல் எஞ்சி நிற்பவை 18ஆம் நூற்றாண்டுக் கிறித்தவக் குருமடம் ஒன்றின் செங்கற்சுவர்களே. இவ்விடிபாட்டை அகழாய்வின் பின்னணிக் காட்சியாக மட்டும் கருதுவது அத்தொல்லிடத்தின் வரலாற்றையே குறைத்து வாசிப்பதாகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பெயரில் உள்ள முரண்

இக்கட்டடம் ‘இயேசு சபையாரின் இல்லம்’ எனப் பல நூல்களிலும் குறிக்கப்பெறுகிறது. இப்பெயர் காலத்தோடு பொருந்தவில்லை. பிரான்சில் இயேசு சபை 1764இல் தடைசெய்யப்பட்டது. 1773இல் திருத்தந்தை அச்சபையையே கலைத்தார். கட்டடமோ 1770களின் தொடக்கத்தைச் சேர்ந்தது. அதனை எழுப்பியவர்கள் பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையினர்.

அச்சபையின் பொதுக் குருமடம் 17ஆம் நூற்றாண்டில் சயாமின் அயுத்தியாவில் தொடங்கப்பட்டது. பர்மியப் படையெடுப்பினால் அங்கிருந்து நீங்கி, வியட்நாமின் தென்கோடியிலுள்ள ஹாதியென் பகுதியில் தங்கி, அங்கும் நிலைக்க இயலாமல் வீராம்பட்டினத்தை வந்தடைந்தது. பின்னாளில் ஆதிரான் ஆயர் எனப் புகழ்பெற்ற பிஞ்ஞோ த பெயேன் இக்குழுவை நடத்தி வந்தவர். 1772–73இல் புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில் வியட்நாமிய–இலத்தீன் அகராதியை அவர் தொகுத்தார். 1774இல் மயிலாப்பூரில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். குருமடம் 1780களின் தொடக்கத்தில் மூடப்பட்டு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பினாங்கில் மீண்டும் உருப்பெற்றது.

எனவே, பெயர்ப் பிழையைத் திருத்துவது சபை வரலாற்றார்க்கு மட்டும் உரிய சிறு செய்தியன்று. இச்சுவர்கள் சோழமண்டலக் கரையைச் சயாமுடனும் வியட்நாமுடனும் இணைத்த ஒரு வலைப்பின்னலின் எச்சம். பிழையான பெயர் அவ்விணைப்பை மறைத்துவிடுகிறது.

செங்கல் எனும் சான்று

வீராம்பட்டினத்து மக்கள் பழஞ்செங்கற்களைத் தோண்டி எடுப்பதாக 1734இலேயே பிரெஞ்சுக் குறிப்பு ஒன்று தெரிவிக்கிறது. வெள்ளி இடைமறிப்பை நோக்கப் புதுச்சேரிக்கு வந்த வானியலாளர் லெ ழாந்தீ, 1769இல் ஆற்றங்கரையில் வெளிப்பட்டிருந்த பெரிய செங்கற்களையும் அவற்றை மக்கள் சேகரிப்பதையும் கண்டு பதிவுசெய்தார். இதற்கு மிக அண்மைக் காலத்தில், அதே மேட்டில் குருமடம் எழுந்தது.

இக்கால நெருக்கம் கவனத்திற்குரியது. பழந்தமிழ்த் தொல்லிடங்களின் செங்கற்கள் அளவில் பெரியவை. பிரெஞ்சுக்காலப் புதுச்சேரியின் செங்கற்கள் மெல்லியவை, சிறியவை. ஆகவே, நிற்கும் சுவர்களின் செங்கல் அளவு, சுண்ணச்சாந்து, அடுக்குமுறை ஆகியவற்றை வரிசைவரிசையாகப் பதிவுசெய்தால், மறுபயன்பாடு நிகழ்ந்ததா என்பதைச் சுவரே கூறிவிடும். இதற்கு அகழ்குழி தேவையில்லை. அளவுகோலும் பொறுமையும் போதும். தொல்லிடம் அழிந்த விதமும் அதன் வரலாற்றில் ஒரு பகுதியே.

வீலரும் மறுவாசிப்பும்

1937இல் ழுவோ துப்ராய் இவ்விடத்தின் ரோமானியத் தொடர்பை அறிவித்தார். 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்து, இத்தாலிய அரெட்டைன் மட்கலம், ஆம்போராச் சாடி ஆகியவற்றின் துணையால் காலக்கணிப்பை நிறுவினார். ஊற்றுநீர் பெருகிய குழிகளில் அவர் கடைப்பிடித்த மண்ணடுக்கு முறை தென்னிந்தியத் தொல்லியலுக்குப் பெரும்பேறு. ஆயினும், ரோமானிய வணிகமே ஒரு சிற்றூரைப் பட்டினமாக்கியது என்னும் அவர் கருத்து நிலைபெறவில்லை. விமலா பெக்லி 1989–92இல் சென்னைப் பல்கலைக்கழகத்தாருடன் இணைந்து நடத்திய அகழாய்வு, ரோமானிய வணிகத்துக்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்ததையும், சோழர் காசுகளும் சீன மட்கலன்களும் புழங்கிய இடைக்காலம்வரை அத்துறை முற்றிலும் கைவிடப்படவில்லை என்பதையும் காட்டியது.

அரிக்கமேட்டில் கிடைத்தவை ரோமானியப் பொருள்கள். ரோமானியர் கட்டிய மாளிகை அன்று. பண்டகசாலை என வீலர் கருதிய நீண்ட கட்டடமும் உள்ளூர்ச் செங்கற்பணியே. இவ்வேறுபாட்டை மறந்தே ‘ரோமானிய நகரம்’ என்னும் தொடர் பாடநூல்களில் தொடர்கிறது. பெக்லியின் மறுவாசிப்பு காலத்தை முன்னும் பின்னும் நீட்டியது. அந்நீட்சி குருமடம் வரை எட்டவேண்டும். இறக்குமதிப் பொருளுக்குக் கிடைத்த மதிப்பு, அதே துறையில் பின்னர் எழுந்த கட்டடத்திற்குக் கிடைக்காமைக்கு ஆய்வியல் காரணம் ஏதுமில்லை.

முடிவுரை

குருமடச் சுவர்களுக்கு அளவுப் பதிவும் கட்டட வரைபடமும் உடனடித் தேவை. ஆற்றங்கரையின் ஈரமும் மரவேர்களும் செங்கற்சுவருக்குக் காலக்கெடு விதிப்பவை. காட்சிப்பலகைகளிலும் நூல்களிலும் ‘இயேசு சபை’ என்னும் குறிப்பு திருத்தப்பெறல் வேண்டும்.

இப்படிப்பினை அரிக்கமேட்டோடு முடிவதன்று. இராயபுரத்தில் 1856இல் திறக்கப்பட்ட தொடர்வண்டி நிலையம் மேலைச் செவ்வியல் தூண்களைத் தாங்கி நிற்கிறது. அதனைச் சுற்றியுள்ள துறைமுகப் பகுதியோ இன்றும் மாறிக்கொண்டேயிருக்கிறது. தூணின் பாணியை மட்டும் கண்டு கட்டடத்திற்குப் பெயரிடுவோமாயின், அரிக்கமேட்டில் நிகழ்ந்த பிழை வடசென்னையிலும் நிகழும். திருவொற்றியூர்க் கோயிலுக்குக் காட்டும் அடுக்குணர்வைக் குருமடத்திற்கும் நிலையத்திற்கும் காட்டுவதே கட்டடக்கலை ஆய்வு செய்யவேண்டுவது.