கொம்பனித்தெருவுக்கு ஏற்ற கார் எது?

வேகன் ஆர் என்ற பெயரில் இரண்டு கார்கள் இருக்கின்றன. சுசுகி ஜப்பானில் செய்வது ஒன்று. கொழும்பில் ஓடுபவற்றில் மிகப் பெரும்பாலானவை அந்த வகை. மாருதி சுசுகி ஹரியானாவில் செய்வது மற்றது. சென்னையில் ஓடுவது அதுதான். இந்திய யூடியூப் காணொளிகளைப் பார்த்துவிட்டுக் கார் வாங்கப் புறப்படும் நம்மவர் பலர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணுகிறார்கள். ஒன்றைப் பற்றிச் சொன்ன குறையை மற்றதன் தலையில் கட்டுகிறார்கள். ஒன்றின் புகழை நம்பி மற்றதை வாங்குகிறார்கள். சின்ன, பெட்டி வடிவக் கார் அன்றாடம் ஓட்டுபவருக்கு ஏற்றதா என்று கேட்டால் கொழும்பில் ஒரு விடையும் சென்னையில் வேறு விடையும் வருவதற்கு இது முதற் காரணம்.

அளவைப் பார்ப்போம். ஜப்பானிய வேகன் ஆர் 3.395 மீற்றர் நீளம், 1.475 மீற்றர் அகலம். இந்திய வேகன் ஆர் 3.655 மீற்றர் நீளம், 1.62 மீற்றர் அகலம். அகலத்தில் வித்தியாசம் 14.5 சென்ரிமீற்றர்தான். கொழும்பின் கொம்பனித்தெருவில், மலே வீதியில் இரு பக்கமும் வாகனங்கள் நிற்க, எதிரே ஓட்டோ ஒன்று வரும்போது அந்த 14.5 சென்ரிமீற்றரின் அருமை விளங்கும். நம் ஊரில் ஓடும் பஜாஜ் ஓட்டோவின் அகலம் ஏறத்தாழ 1.3 மீற்றர். ஜப்பானிய வேகன் ஆர் அதைவிட ஒரு சாண் கூடக் கூடுதல் அகலம் இல்லை. ஓட்டோ போகும் ஒழுங்கையில் அதுவும் பெரும்பாலும் போய்விடும். திருப்பும்போதும் அப்படித்தான். அதன் திரும்பு ஆரை 4.4 மீற்றர், இந்தியக் காருக்கு 4.7. ஜாவா ஒழுங்கைப் பக்கம் தவறான முடுக்குக்குள் நுழைந்து திரும்பி வந்தவர்களுக்கு இந்த எண்களை விளக்க வேண்டியதில்லை.

கொம்பனித்தெரு இன்று இரண்டு ஊராக நிற்கிறது. அல்டெயர் கோபுரமும் கொழும்பு சிற்றி சென்ரரும் சினமன் லைஃபும் வானத்தில் எழுந்துவிட்டன. அவற்றின் நிழலில் பழைய ஒழுங்கைகள் அதே அகலத்தில் கிடக்கின்றன. 2024 இல் திறந்த மேம்பாலம் ரயில் கடவையில் காத்துக் கிடக்கும் நேரத்தைக் குறைத்தது. ஆனால் பாலத்திலிருந்து இறங்கியதும் மறுபடி அந்த ஒழுங்கைகள்தான். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளும், மாடிவீட்டுக்கு ஒன்றென்று அளந்து விட்ட வாகனத் தரிப்பிடங்களும், கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியின் நெரிசலும் இதே கணக்கைத்தான் சொல்கின்றன.

அகலத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இருக்கையின் உயரம். கியூ வீதிச் சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலுக்குக் காரில் வரும் வயதானவர்களைக் கவனித்துப் பாருங்கள். தாழ்ந்த செடான் காரிலிருந்து இறங்க, முழங்கால் வருத்தமுள்ள அம்மாவுக்கு மகனின் கை ஒன்று வேண்டும், கதவின் விளிம்பு ஒன்று வேண்டும், எழுந்து நிமிர ஒரு மூச்சும் வேண்டும். வேகன் ஆரில் வந்தவர் காலைத் திருப்பி நிலத்தில் வைத்துச் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடுகிறார். இருக்கை நாற்காலியின் உயரத்தில் இருக்கிறது, கூரையும் தலையில் இடிப்பதில்லை. பெட்டி வடிவத்தை அழகில்லை என்று தள்ளும் இளைஞர்கள், வீட்டுப் பெரியவர்களை ஒருமுறை அதில் ஏற்றி இறக்கிய பிறகு பேசட்டும்.

இந்த வடிவத்தின் பின்னால் இருப்பவை சட்டங்கள். ஜப்பானில் "கெய்" எனப்படும் சிறு கார் வகைக்கு என்ஜின் 660 சி.சி.க்கு மேற்படக் கூடாது, நீளம் 3.4 மீற்றருக்கும் அகலம் 1.48 மீற்றருக்கும் மேற்படக் கூடாது. உயரத்துக்கு மட்டும் 2 மீற்றர் வரை இடம் விட்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் வளர முடியாத கார் மேலே வளர்ந்தது. 1993 செப்டெம்பரில் சுசுகி வேகன் ஆரை வெளியிட்டபோது அந்தக் கணக்கைத்தான் பயன்படுத்தியது. இந்தியாவில் கதை வேறு. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 தாழ்ந்த சிறு கார். உயர்ந்த பெட்டிக் காரை அங்கே பழக்கியது, சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கட்டிய சான்ரோ. அது 1998 இல் வந்தது. மறு ஆண்டே மாருதி வேகன் ஆரைக் கொண்டுவந்தது. 2006 வரவுசெலவுத் திட்டத்தில், 4 மீற்றருக்குள் அடங்கும், 1,200 சி.சி.க்கு மேற்படாத பெற்றோல் கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைத்தார்கள். இந்தியச் சிறு காரின் எல்லை அன்றிலிருந்து 4 மீற்றர்.

இலங்கையில் நீள அகலத்தை எவரும் அளக்கவில்லை. இங்கே வரி சி.சி.யைப் பார்க்கிறது. என்ஜின் சிறுத்தால் வரியும் சிறுக்கும். 658 சி.சி. என்ஜினோடு வந்த ஜப்பானிய வேகன் ஆர் அந்தக் கணக்குக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. நமது ஒழுங்கைகளை நினைத்து எந்த அமைச்சும் இந்தக் காரைத் தெரிவு செய்யவில்லை. வருமானத்துக்காகப் போட்ட வரி, தற்செயலாக, கொழும்புக்கு மிகப் பொருத்தமான அளவைக் கொண்டுவந்து சேர்த்தது.

அதற்கு முன்னர் நமக்கும் இந்தியச் சிறு கார்தான் வழக்கம். சுசுகியின் முகவரான அசோசியேட்டட் மோட்டர்வேஸ் கொம்பனித்தெருவின் யூனியன் பிளேஸில்தான் இருக்கிறது. அவர்கள் விற்ற மாருதி 800 உம் பின்னர் அல்டோவும் எத்தனையோ ஆசிரியர்களுக்கும் வங்கி ஊழியர்களுக்கும் முதல் காராக அமைந்தன. 2014, 2015 அளவில் காற்று திசை மாறியது. ஜப்பானில் பாவித்து இங்கே இறக்குமதியான "ரிகண்டிஷன்" வேகன் ஆரில் ஓட்டோ கியர், இரண்டு எயார்பாக், ஏபிஎஸ், நல்ல ஏசி எல்லாம் இருந்தன. புத்தம் புதிய இந்திய அல்டோவின் அடிமட்ட மாடலில் அவை கிடைக்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தவர் பழைய ஜப்பானியதை எடுத்ததில் வியப்பில்லை.

வாங்கும் முறையிலும் இரு நாடுகள் எதிரெதிர்த் திசையில் நிற்கின்றன. சென்னையில் ஒருவர் ஷோரூமுக்குப் போகிறார், ஓட்டிப் பார்க்கிறார், "ஆன் ரோடு" விலை கேட்கிறார், வங்கிக் கடன் போடுகிறார். வாங்கிய பிறகு தாலுகா ஊரில்கூட மாருதி சர்வீஸ் நிலையம் இருக்கிறது. கொழும்பில் ஒருவர் கார் சேலுக்குப் போகிறார், லீசிங் கணக்குப் போடுகிறார், பிறகு கேட்பது "ஒக்ஷன் ஷீற்". ஜப்பானிய ஏலத்தில் அந்தக் காரைப் பரிசோதித்தவர் எழுதிய ஒற்றைத் தாள் அது. மூலையில் 4.5 அல்லது 4 என்று ஒரு தரம், உட்புறத்துக்கு ஏ, பி என்று ஓர் எழுத்து, நடுவில் காரை விரித்துப் போட்டது போன்ற ஒரு படம். கதவில் ஏ1 என்றிருந்தால் சிறு கீறல். யு என்றிருந்தால் நெளிவு. டபிள்யு என்றிருந்தால் தட்டிப் பூசியது. தரம் ஆர் என்றிருந்தால் விபத்தில் பழுதாகித் திருத்தியது. இந்தத் தாளை வாசிக்கத் தெரிந்தவர் கொழும்பில் நல்ல கார் வாங்குவார். தெரியாதவர் மினுக்கிய பெயின்றைத்தான் வாங்குவார். வீட்டுக்குக் கொண்டுபோகுமுன் கோவில் வாசலில் நிறுத்தி, நான்கு சில்லுக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது மட்டும் மயிலாப்பூரிலும் கொம்பனித்தெருவிலும் ஒன்றேதான்.

ஜப்பானின் சீரான வீதிக்குச் செய்த கார் நம் வீதியில் எங்கே நோகிறது என்று பார்த்தால், முதலில் ரயர். அங்கிருந்து வரும் வேகன் ஆருக்கு 155/65, 14 அங்குல ரயர். பக்கச் சுவரின் உயரம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர். இந்தியக் காருக்கு 165/70, அல்லது அடிமட்ட மாடலில் 155/80, 13 அங்குலம். அவற்றில் பக்கச் சுவர் 11.5 முதல் 12.4 சென்ரிமீற்றர். குழியில் விழும் அடியை முதலில் வாங்குவது அந்த ரப்பர்தான். இந்தியாவுக்காக இதையெல்லாம் யோசித்துச் செய்தார்கள். நமக்காக யாரும் யோசிக்கவில்லை.

அடுத்தது "ஹைபிரிட்" என்ற எழுத்து. பிரியஸ் போல மின்னில் ஓடும் கார் என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. வேகன் ஆரில் இருப்பது, என்ஜினை எழுப்பவும் முடுக்கும்போது சிறிது தள்ளிக் கொடுக்கவும் உதவும் ஒரு சிறு மோட்டர்தான். அதற்கான லிதியம் பற்றரி முன்பக்கப் பயணி இருக்கையின் கீழே இருக்கிறது. அந்த இடத்தில் ஈரக் குடையையும் மரக்கறிப் பையையும் திணிக்காதீர்கள். சிக்னலில் என்ஜின் தானாக நின்று பெற்றோலை மிச்சம் பிடிக்கும் வசதியும் உண்டு. யூனியன் பிளேஸ் வெயிலில் என்ஜின் நின்றால் ஏசியின் குளிரும் போய்விடும் என்பதால், பலர் காரில் ஏறியதுமே அந்தப் பொத்தானை அமத்தி விடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய விஷயம் ஆட்களின் தொகை. ஜப்பானிய கெய் கார் சட்டப்படி நாலு பேருக்கானது. பின் இருக்கையில் இரண்டு பெல்ட்தான் இருக்கும். இந்திய வேகன் ஆர் ஐந்து பேருக்கானது. இந்த ஒரு வித்தியாசத்தை இலங்கைக் குடும்பங்கள் கணக்கில் எடுப்பதேயில்லை. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், அம்மம்மா, கதிர்காமத்துக்கோ நுவரெலியாவுக்கோ மூன்று நாள் சாமான் என்று ஏற்றுகிறார்கள். வொக்ஷோல் வீதிப் பக்கம் கராஜ் வைத்திருக்கும் ஒரு நானாவிடம், "நானா, மலையில ஏறேக்க ஏன் இப்பிடிக் கத்துது?" என்று கேட்டேன். பின் சில்லடியில் குனிந்து பார்த்தபடி சொன்னார்: "தம்பி, வண்டியில பிழையில்ல. டவுனுக்குச் செஞ்ச வண்டிய ஐஞ்சு பேரோட கடுகண்ணாவ ஏத்தினா அது கத்தாம என்ன செய்யும்?" 52 குதிரைவலு என்ஜினிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இறக்கத்தில் பிரேக் படும் பாடு இன்னும் மோசம்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போதும் இரண்டு கார்களையும் பிரித்துப் பேச வேண்டும். குளோபல் என்கேப் அமைப்பு 2019 இல் வேகன் ஆருக்கு இரண்டு நட்சத்திரம் கொடுத்தது. 2023 இல், கடுமையாக்கிய விதிகளின்படி, பெரியவர்களுக்கு ஒன்று, குழந்தைகளுக்குப் பூச்சியம். இடித்துப் பார்த்தது இந்தியக் காரை. அந்த மதிப்பெண்ணைக் கொழும்பில் ஓடும் ஜப்பானியக் காரின் மேல் ஒட்ட முடியாது. அதே வேளை, "ஜப்பான் கார்தானே, ஒன்றும் ஆகாது" என்று நெஞ்சை நிமிர்த்தவும் முடியாது. மூக்கு குட்டை, உடம்பு ஒடுக்கம், கூரை உயரம். நகரின் 40, 50 கிலோமீற்றர் வேகத்தில் இவை பெரிய குறைகளாகா. தெற்கு அதிவேகப் பாதையில் 100 இல் போகும்போது, பக்கத்தில் பெரிய பஸ் கடந்து செல்லும் காற்றிலேயே ஸ்டியரிங்கில் கை இறுகும். அந்த வேகத்தில் பின்னால் பெல்ட் போடாத குழந்தையை மடியில் வைத்திருப்பதை நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

டாட்டா நானோவையும் இங்கே சொல்ல வேண்டும். 2009 இல் இந்தியக் குடும்பங்களை நம்பி வந்த அந்தக் கார், அங்கே குடும்பக் காராக நிலைக்கவில்லை. 2018 இல் உற்பத்தி நின்றது. கொழும்பில் அதே நானோ மலிவு டாக்சியாகச் சில வருடம் நன்றாக உழைத்தது. பிக்மீ செயலியில் "நானோ" என்று தனி வகையே இருந்தது. நகருக்குள் இரண்டு பேரை ஏற்றி இறக்கும் வேலைக்கு அது போதுமாக இருந்தது.

2022 இல் பெற்றோல் வரிசை நீண்ட மாதங்களில் சின்ன என்ஜினின் அருமையை நாடே கண்டது. அந்த ஜூலையில் வந்த கியூஆர் எரிபொருள் பங்கீட்டு முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர். கொழும்பு நெரிசலில் லீற்றருக்கு 16 கிலோமீற்றர் என்று குறைத்து வைத்தாலும், ஒரு வேகன் ஆர் அதில் 320 கிலோமீற்றர் ஓடியது. வேலைக்கும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் அது தாராளம். ஆனால் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த கார்களின் விலை பல மடங்கு ஏறியது. 2015 இல் வந்தவை இன்று பத்து வயது தாண்டிய கார்கள், பற்றரியும் ஷொக் எப்சோவரும் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளை எதிர்பார்த்து நிற்கின்றன. இப்போது கொண்டுவரும் புதியவற்றின் விலையில் பெரும் பங்கு வரி. இந்தியாவிலோ 2025 செப்டெம்பரில் சிறு கார்களுக்கான ஜிஎஸ்டியை 28 இலிருந்து 18 சதவீதமாகக் குறைத்தார்கள். அங்கே சின்னக் கார் நடுத்தர வீட்டின் முதல் காராக இன்னும் நிற்கிறது. 2024-25 நிதியாண்டில் மட்டும் ஏறக்குறைய இரண்டு இலட்சம் வேகன் ஆர் விற்றன. இங்கே அது நடுத்தர வீட்டின் ஆயுள் சேமிப்பை விழுங்கும் பொருளாகிவிட்டது. இதை நான் அநியாயம் என்றே சொல்வேன்.

என் முடிவு இது. வாரத்தில் ஐந்து நாள் திருவல்லிக்கேணியிலும், ஆறாம் நாள் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையில் 300 கிலோமீற்றர் ஊருக்கும் ஓட்டும் சென்னைக்காரருக்கு, சற்று அகன்ற இந்திய வேகன் ஆர்தான் சரி. கொம்பனித்தெருவிலோ வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருந்து நகருக்குள் ஓட்டும் நாலு பேர் குடும்பத்துக்கு ஜப்பானியப் பெட்டிக் காரைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. வாங்குமுன் ஒக்ஷன் ஷீற்றை, அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். பின்னால் இருப்பவர்களையும் பெல்ட் போட வையுங்கள். யாழ்ப்பாணத்துக்கும் கதிர்காமத்துக்கும் குடும்பத்தோடு போக ரயில் இருந்தால் ரயில், இல்லாவிட்டால் ஒரு வான் பிடியுங்கள். வீட்டில் ஐந்து பேர் என்றால் இந்தக் காரை வாங்காதீர்கள்.