கொடையும் கிழமையும்

பேரிடர் கால நிவாரணம் என்றதும் நம் மனதில் எழும் சித்திரம் ரேஷன் கடை வரிசையில் பையோடு நிற்கும் ஒரு பெண். வாங்க வந்தவள் அவள். ஆனால் கொடுக்கப்பட்டது அவளுக்குத்தானா? கொரோனா காலத்து அரசு அறிவிப்புகளை, தமிழ் படித்தவள் என்ற முறையில், இந்தக் கேள்வியோடுதான் பிரதிகளாக வாசிக்கிறேன்.

2020 ஏப்ரலில் தமிழக அரசு அரிசி அட்டை ஒன்றுக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. 2021 மே, ஜூன் மாதங்களில் இரண்டு தவணைகளாக 4,000 ரூபாய். தறியும் பனியன் கம்பெனியும் நின்றுபோன கொங்கு வீடுகளில் அந்தப் பணம் அடுப்பை எரியவைத்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் பணத்தைப் பெற்றது அட்டை, ஆள் அல்ல. கணவனைப் பிரிந்து தாய்வீட்டுக்கு வந்த பெண்ணின் பெயர் அவன் வீட்டு அட்டையில் இருந்தால், அவளுக்கான அரிசியும் பணமும் அங்கேதான். அங்கே பெயரை நீக்காமல் புது அட்டை கிடையாது. திருப்பூருக்கும் கோவை நூற்பாலை விடுதிகளுக்கும் வேலைக்கு வந்த ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்களுக்கோ இங்கே அட்டையே இல்லை.

மத்திய அரசு வேறு வழியில் போனது. ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை மாதம் 500 ரூபாய். இங்கே பெண்ணின் பெயர் இருந்தது. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டும் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: "காசு என்ர பேருக்குத்தானுங்க வந்துச்சு. ஏடிஎம் கார்டு அவருகிட்டல்லங்க இருந்துச்சு."

மூன்றாவது பிரதி கடன் தவணைச் சலுகை. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. அனுமதி கடன் கொடுத்த நிறுவனத்துக்கு. கடன் வாங்கியவளுக்கு அது உரிமையாகவில்லை. தவணை நின்றாலும் வட்டி நிற்கவில்லை. வட்டிக்கு வட்டி கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச்சில்தான் தீர்த்துச் சொன்னது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டிய குழுக் கடனில், 'சலுகை' என்ற சொல்லுக்கு அண்டைவீட்டுக்காரியின் முகத்தில் விழிக்க முடியாத ஆறு மாதம் என்றும் பொருள் உண்டு.

நம் இலக்கணத்தில் நான்காம் வேற்றுமையின் பொருள்களில் முதலாவது கொடை. 'அவளுக்கு' என்கிறபோது கொடுப்பவர் ஒருவர் மேலே நிற்கிறார். ஆறாம் வேற்றுமையின் பொருள் கிழமை. கிழமை என்றால் உரிமை. 'அவளது' என்றால் யாரும் கொடுக்க வேண்டியதில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு 'உதவி' என்றில்லாமல் 'மகளிர் உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தது இதனால்தான் முக்கியம். வீட்டு வேலை உழைப்பு என்பதை அந்தப் பெயர் ஒப்புக்கொள்கிறது. பணமும் பெண்ணின் கணக்குக்கே வருகிறது.

ஆனாலும் அட்டை விடவில்லை. ஓர் அட்டைக்கு ஒரு குடும்பத் தலைவிதான். மாமியாரும் மருமகளும் ஒரே அட்டையில் இருக்கும் வீட்டில் இருவர் உழைப்பு, ஒருத்திக்கு உரிமை. பெயர் ஆறாம் வேற்றுமைக்கு வந்துவிட்டது. விதிமுறை இன்னும் நான்கிலேயே நிற்கிறது.

வெள்ளமோ நோயோ, அடுத்த பேரிடர் சொல்லிக்கொண்டு வராது. அதற்குமுன் செய்ய வேண்டியவை இரண்டு. நம் பெயரில் கணக்கு, நம் கையில் கார்டு, நமக்கு மட்டும் தெரிந்த ரகசிய எண். இது வீட்டுக்குள் நடத்த வேண்டிய சண்டை. நிவாரணத்தின் அலகு அட்டையாக இல்லாமல் ஆளாக இருக்க வேண்டும் என்பது அரசோடு நடத்த வேண்டிய சண்டை. முதல் சண்டையில் மட்டும் ஜெயித்தால், பிரிந்து வந்தவளின் கணக்கு காலியாகவே இருக்கும்.