அளக்க வேண்டியது கட்டிடத்தையா, கிளறிய மண்ணையா?

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் கட்டுமானப் பகுதியைப் படித்தேன். கட்டிடம் என்றால் கட்டும் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால்தான் முன் அனுமதி. பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்றால் 50 ஹெக்டேர். அனுமதி வாங்கும் பெரிய திட்டங்களுக்கு, மேல்மண்ணை 20 செ.மீ. ஆழத்துக்கு வழித்துக் குவித்து, செடி வைக்கும்போது திரும்பப் போட வேண்டும் என்கிற நிபந்தனையெல்லாம் உண்டு. நல்ல விஷயம்தான்.

இப்போ எங்க விரிஞ்சிபுரம் பக்கம் நெடுஞ்சாலை ஓரமாக ஒரு பத்து ஏக்கர் வயலை நினைத்துக்கொள்ளுங்கள். வரப்பை உடைத்து, ஜேசிபி விட்டுச் சமன் செய்து மனை போடுகிறார்கள். கட்டிடமே இல்லை, ஆக கட்டிய பரப்பு பூஜ்யம். பத்து ஏக்கர் என்பது நாலு ஹெக்டேர்தான். இரண்டு கணக்கிலும் சிக்காது. ஆனால் ஐப்பசி மழையில் கரைவது அந்த வெறும் மண்தான். முன்பு வரப்பு தண்ணீரை நிறுத்தி மண்ணைப் படிய வைத்தது. இப்போது நேராகக் கால்வாய், அங்கிருந்து ஏரி அல்லது பாலாறு. அப்புறம் அரசு செலவில் தூர்வாருவோம்!

அமெரிக்காவில் கேள்வியே வேறு. பொதுவாக ஒரு ஏக்கரோ அதற்கு மேலோ நிலத்தைக் கிளறினால் மழைநீர் அனுமதி வேண்டும். சரிவின் அடியில் துணித் தடுப்பு, லாரி வெளியேறும் இடத்தில் ஜல்லி, வண்டல் படிய ஒரு குழி. என்ன கட்டுகிறீர்கள் என்பதெல்லாம் பிறகு.

2016 கட்டுமானக் கழிவு விதிகள் இருந்ததே என்பீர்கள். கழிவு வடிகாலை அடைக்கக் கூடாது என்று அதில் இருந்தது. ஆனால் அது பார்த்தது இடிபாட்டையும் குவியலையும். சமன் செய்த நிலம் யார் கண்ணுக்கும் கழிவாகத் தெரியாதே. எங்கள் தொழிலில் சொல்வதென்றால், நிபந்தனையைத் தவறான மாறிமேல் வைத்திருக்கிறோம். மனைப்பிரிவு அனுமதியிலேயே 'கிளறப்படும் பரப்பு எவ்வளவு, மழைக்கு முன் மண்ணை எப்படி மூடுவீர்கள்' என்று கேட்கலாம்.